பாரிசவாதம் வந்தால் லண்டன் அம்புலன்ஸ் ஏன் பக்கத்து வைத்தியசாலையைத் தாண்டிப் போகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனில் பாரிசவாத (ஸ்ட்ரோக்) பிரிவு ஒன்றில் வேலை செய்கிறேன். தமிழ்க் குடும்பம் வந்தால் கதைத்து விளங்கப்படுத்த என்னைக் கூப்பிடுவார்கள். அப்போது அதிகமாக வரும் கேள்விகள் அம்புலன்ஸைப் பற்றியவை. பதற்றத்தில் நிற்கும் பிள்ளைக்கோ மனைவிக்கோ ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடிக்க முடியாது. அதனால் ஆறுதலாக இங்கே எழுதுகிறேன்.

இதை வாசிக்கும் நேரத்தில் வீட்டில் யாருக்காவது முகம் ஒரு பக்கம் கோணியிருந்தால், ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தால், பேச்சுக் குழறினால், வாசிப்பதை விட்டுவிட்டு 999க்கு அடியுங்கள். மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம்.

வீட்டுக்குப் பக்கத்திலேயே பெரிய ஹொஸ்பிற்றல் இருக்கிறது. அம்புலன்ஸ் ஏன் அதைத் தாண்டிப் போனது?

2010இலிருந்து லண்டனில் புதிதாகப் பாரிசவாதம் வந்தவர்களை எட்டு வைத்தியசாலைகளுக்குத்தான் கொண்டுபோகிறார்கள். ஹரோவில் நோர்த்விக் பார்க், ரூட்டிங்கில் சென் ஜோர்ஜஸ், ரொம்ஃபோர்ட்டில் குயின்ஸ், வைட்சப்பலில் றோயல் லண்டன், ஹமர்ஸ்மித்தில் சாரிங் குறொஸ், கம்பர்வெல்லில் கிங்ஸ் கொலிஜ், ஓர்பிங்டன் பக்கம் பிரின்சஸ் றோயல், மத்திய லண்டனில் யூனிவர்சிட்டி கொலிஜ். இந்த எட்டிலும் பாரிசவாதத்தின் முதல் மணித்தியாலங்களுக்கென்றே அமைத்த பிரிவு இருக்கிறது.

அதனால்தான் குரொய்டனில் இருக்கும் அம்மாவை குரொய்டன் வைத்தியசாலையில் இறக்காமல் ரூட்டிங்குக்குக் கொண்டுபோகிறார்கள். ஈஸ்ட் ஹாமில் இருக்கும் அப்பாவை நியூஹாம் வைத்தியசாலையைக் கடந்து றோயல் லண்டனுக்கோ ரொம்ஃபோர்ட்டுக்கோ கொண்டுபோகிறார்கள். ஹரோ, வெம்ப்ளி ஆட்களுக்கு இந்தக் குழப்பம் வருவதில்லை. நோர்த்விக் பார்க் பக்கத்திலேயே இருக்கிறது. லண்டனில் எந்த வீட்டிலிருந்தும் அம்புலன்ஸில் ஏறக்குறைய 30 நிமிடத்துக்குள் எட்டில் ஒன்றை அடைய வேண்டும் என்பதை அளவாக வைத்துத்தான் இந்த இடங்களைத் தெரிவு செய்தார்கள்.

பக்கத்து ஹொஸ்பிற்றலிலும் டொக்ரர்மார், ஸ்கான் எல்லாம் இருக்குத்தானே?

இருக்கிறது. ஆனால் மெஷின் இருந்தால் மட்டும் போதாது. சனிக்கிழமை இரவு இரண்டு மணிக்கு அந்த ஸ்கானை உடனே எடுத்து, பார்த்து, "இது இரத்தக் கட்டி, ஊசி போடலாம்" என்று துணிந்து சொல்லக்கூடிய ஆள் வேண்டும்.

பாரிசவாதம் இரண்டு விதமாக வரும். பெரும்பாலும் மூளைக்குப் போகும் இரத்தக் குழாயை ஒரு கட்டி அடைத்துவிடும். சிலருக்குக் குழாய் வெடித்து மூளைக்குள் இரத்தம் கசியும். பிரித்தானியாவில் ஏழு பேரில் ஒருவருக்கு இப்படி. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும்: அதே கோணிய முகம், அதே விழுந்த கை. ஆனால் முதலாவதுக்குக் கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்து. அதே மருந்தை இரண்டாவது வகைக்குப் போட்டால் ஆளைக் கொன்றுவிடலாம். சி.ரி. ஸ்கான் எடுக்காமல் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அந்த ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும், அதிலும் எவ்வளவு முந்திப் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்புக் கலங்கள் சாகின்றன என்று ஜெஃப்ரி சேவர் என்ற அமெரிக்க நரம்பியல் வைத்தியர் 2006இல் கணக்கிட்டார். எங்கள் பிரிவில் எல்லாரும் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே ஓடுவது இதனால்தான்.

2010க்கு முன்பு லண்டனில் ஏறத்தாழ 30 வைத்தியசாலைகள் பாரிசவாத நோயாளிகளை எடுத்தன. ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் போனார்கள். கிழமைக்குச் சில பேரைப் பார்க்கும் இடத்தில் இரவு பகலாக நிபுணர்களை வைத்திருக்க முடியாது. எட்டு இடங்களில் சேர்த்தபோது ஒவ்வோர் இடத்திலும் நாளாந்தம் நோயாளிகள் வந்தார்கள். ஆட்களை வைக்கவும் முடிந்தது, அவர்களின் கையும் பழகியது.

தூரம் போனால் போகும் நேரம் வீண்தானே?

றோட்டில் பத்து நிமிடம் கூடப் போகலாம். ஆனால் வாசலைத் தாண்டிய பிறகு மிச்சம் பிடிக்கும் நேரம் அதைவிட அதிகம். உள்ளே நடப்பதை நான் பார்த்தபடி சொல்கிறேன்.

வீட்டில் பராமெடிக் வந்ததும் சிரிக்கச் சொல்வார், கண்ணை மூடி இரண்டு கையையும் முன்னுக்கு நீட்டச் சொல்வார், ஒரு வசனம் சொல்லச் சொல்வார். விரலில் குத்திச் சீனி பார்ப்பார். சீனி மிகவும் குறைந்தாலும் ஆள் பாரிசவாதம் மாதிரியே குழறுவார் என்பதால் அதை விட மாட்டார்கள். பிரஷர் பார்ப்பார். வண்டி புறப்படும்போதே எங்களுக்கு அழைப்பு வந்துவிடும்: வயது, எந்தப் பக்கம் விழுந்தது, எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை நிமிடத்தில் வந்து சேர்வார்கள்.

அந்த நிமிடங்களில் இங்கே ஸ்கான் மேசையைக் காலியாக்கி வைப்பார்கள். பாரிசவாதத் தாதி வாசலில் நிற்பார். ஊசி மருந்தின் அளவு உடல் நிறையைப் பொறுத்தது, அதனால் ஆளை நிறை காட்டும் கட்டிலுக்கு மாற்றுவோம். பல தடவை அம்புலன்ஸ் தள்ளுகட்டிலிலேயே நேரே ஸ்கான் அறைக்குப் போய்விடும். நீங்கள் பதிவு மேசையில் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அப்பாவின் மூளைப் படம் உள்ளே திரையில் வந்திருக்கும். முன்னறிவிப்பும் விசேட பிரிவும் இல்லாத இடத்தில் இதே வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும், ஒவ்வொன்றுக்கும் யாரையாவது தேட வேண்டியிருக்கும்.

சரி, இதனால் உண்மையில் உயிர் தப்பியிருக்கிறதா? இல்லை, காசு மிச்சம் பிடிக்கச் செய்த வேலையா?

அன்றைக்கும் பலர் இப்படித்தான் கேட்டார்கள். தங்கள் ஊர் வைத்தியசாலையிலிருந்து ஒரு பிரிவை எடுக்கிறார்கள் என்றால் யாருக்கும் கோபம் வரும். அந்தக் கேள்விக்கு விடை, ஒரே காலத்தில் இரண்டு நகரங்கள் இரண்டு விதமாகச் செய்து பார்த்ததில் கிடைத்தது.

லண்டன் ஒரு தெளிவான விதி வைத்தது: பாரிசவாதம் என்று சந்தேகப்படும் எல்லாரையும், எத்தனை மணித்தியாலம் கழிந்திருந்தாலும், எட்டில் ஒன்றுக்குக் கொண்டுபோ. மான்செஸ்டரும் 2010இல்தான் மாற்றியது. ஆனால் அங்கே மூன்று மையங்கள், அவற்றில் ஒன்றுதான் 24 மணித்தியாலமும் திறந்திருந்தது. அத்தோடு, தொடங்கி நாலு மணித்தியாலத்துக்குள் இருப்பவர்களை மட்டும் மையத்துக்குக் கொண்டுபோ, மற்றவர்களைப் பக்கத்து வைத்தியசாலைக்கே கொண்டுபோ என்று வைத்தார்கள். ஊசி போட முடியாதவரைத் தூரம் கொண்டுபோய் என்ன பயன் என்ற யோசனை அது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

2014இல் பிரித்தானிய மருத்துவ இதழில் முடிவு வந்தது. நாட்டின் மற்ற இடங்களிலும் அந்தக் காலத்தில் மரணங்கள் குறைந்துகொண்டுதான் வந்தன. அதைக் கழித்துப் பார்த்தாலும் லண்டனில் 90 நாளுக்குள் இறப்போர் வீதம் மேலும் 1.1 சதவீதப் புள்ளி குறைந்திருந்தது. மாற்றத்துக்குப் பிந்திய 21 மாதங்களில் 168 உயிர்கள் என்று கணக்கிட்டார்கள். மான்செஸ்டரில் வைத்தியசாலையில் தங்கும் நாட்கள் குறைந்தன, ஆனால் மரணத்தில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. லண்டனில் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் விசேட பிரிவுக்குப் போனார்கள், மான்செஸ்டரில் நாலு பேர்தான். 2015இல் மான்செஸ்டர் அந்த நாலு மணித்தியாலக் கட்டுப்பாட்டை எடுத்தது. பிறகு அங்கேயும் பெரும்பாலானவர்கள் விசேட பிரிவுகளுக்குப் போனார்கள், அப்படிப் போனவர்களிடையே மரணமும் குறைந்தது.

இதை நான் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. "ஊசிக்கு நேரம் போய்விட்டது, இனி எங்கே வைத்தாலும் ஒன்றுதானே" என்று வீட்டு ஆட்கள் சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். ஒன்றல்ல. ஊசி போடாதவர்களையும் இந்தப் பிரிவுகள் காப்பாற்றுகின்றன. விழுங்க முடிகிறதா என்று பார்க்காமல் கஞ்சி பருக்கிச் சுவாசப்பைக்குள் போய் நிமோனியா வருவது, பிரஷர் ஏறி இறங்குவதைக் கவனிக்காமல் விடுவது, அசையாமல் கிடந்து காலில் இரத்தம் கட்டுவது: கவனிக்காமல் விட்டால் இவையும் ஆளைக் கொன்றுவிடலாம். தெரிந்த தாதிமார் பக்கத்தில் நின்றால் இவற்றில் பலவற்றைத் தடுக்கலாம்.

அம்புலன்ஸுக்குக் காத்திராமல் நாங்களே காரில் கொண்டுபோனால் கெதியாகப் போகலாமே?

தயவுசெய்து வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள்.

ஒரு பெரியவர். காலையில் குளித்துவிட்டு வந்தவருக்குச் சேட்டுப் பொத்தானைப் பூட்ட முடியவில்லை. மகன் நல்ல பிள்ளை, ஒரு நிமிடமும் வீணாக்கவில்லை. இரண்டு பேராகத் தூக்கிக் காரில் ஏற்றி, பக்கத்து வைத்தியசாலைக்கு ஓடினார். அது எட்டில் ஒன்றல்ல. கார் நிறுத்த இடம் தேடி, வரிசையில் நின்று, பெயர் கொடுத்து, கதிரையில் இருந்தார்கள். தாதி கண்டதும் விளங்கிக்கொண்டார், ஸ்கானும் எடுத்தார்கள். ஆனால் அங்கிருந்து எங்களிடம் மாற்ற இன்னோர் அம்புலன்ஸ் வர வேண்டும். எங்களிடம் வந்து சேர்ந்தபோது ஊசிக்கான நேரம் கடந்துவிட்டது. அந்த மகன் கதவருகில் நின்று "நான் கெதியாகத்தானே கொண்டுபோனேன்" என்று கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அவரில் பிழையில்லை, அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அம்புலன்ஸ் பிந்தும் என்ற பயம் பொய்யில்லை. இங்கிலாந்தில் பாரிசவாதம் இரண்டாம் வகை அவசர அழைப்பு. சராசரியாக 18 நிமிடத்துக்குள் வர வேண்டும் என்பது இலக்கு. அண்மைய ஆண்டுகளில் அது எட்டப்படவில்லை, 2022 மார்கழியில் சராசரியே ஒன்றரை மணித்தியாலத்தைத் தாண்டியது. இதற்கு மக்கள் கோபப்படுவது சரி, கேள்வி கேட்பதும் சரி. ஆனாலும் முதலில் 999. பிந்தும் என்று அவர்களே சொன்னால், என்ன செய்வது, எந்த வைத்தியசாலைக்கு வருவது என்று அதே அழைப்பில் கேளுங்கள்.

எனக்கு இங்கிலிஷ் சரியாக வராது. 999க்கு என்ன சொல்வது?

முதலில் எடுப்பவர் எந்தச் சேவை என்று கேட்பார். "அம்புலன்ஸ்" என்று சொல்லுங்கள். அடுத்தவர் ஆள் மூச்சு விடுகிறாரா என்று கேட்பார். "ஸ்ட்ரோக்" என்ற சொல்லையும் வீட்டுப் போஸ்ட்கோட்டையும் சொன்னால் பெரிய வேலை முடிந்துவிடும். "தமிழ் இன்ரர்பிரெற்றர்" என்று கேட்டால் தொலைபேசியிலேயே மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். தனியாக இருக்கும் அம்மா அப்பாவுக்கு இந்த நாலு சொல்லையும் பெரிய எழுத்தில் எழுதிப் ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுங்கள்.

முகமும் கையும் சரியாக இருந்து, திடீரென்று நடை தள்ளாடுவது, ஒன்று இரண்டாகத் தெரிவது, ஒரு பக்கப் பார்வை போவது, என்றுமில்லாத தலையிடி வருவது என்றாலும் சொல்லுங்கள். மூளையின் பின்பக்கத்தில் வரும் பாரிசவாதம் முகம், கை, பேச்சுப் பரிசோதனையில் தப்பிவிடலாம்.

அம்புலன்ஸ் வரும்வரை தேத்தண்ணி, அஸ்பிரின் ஏதாவது கொடுக்கலாமா?

ஒன்றும் வேண்டாம், தண்ணீர் கூட. விழுங்கும் தசையும் பாதிக்கப்பட்டிருக்கலாம். அஸ்பிரின் மாரடைப்புக்குச் சொல்வார்கள், இங்கே மூளையில் இரத்தக் கசிவாக இருந்தால் அது கேடு. ஆளைப் பக்கவாட்டில் வசதியாகப் படுக்க வையுங்கள், கதவைத் திறந்து வையுங்கள், குளிசைப் பையை எடுத்து வையுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க வாஃபரின், அபிக்ஸபான் போன்ற குளிசை எடுப்பவர் என்றால் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று எல்லாரும் திருப்பித் திருப்பிக் கேட்கிறார்களே?

சிகிச்சை அந்த விடையில் தங்கியிருக்கிறது. நீங்கள் கண்ட நேரம் வேறு, தொடங்கிய நேரம் வேறு. காலை ஏழு மணிக்கு எழுப்பப் போனபோது பேச்சு வரவில்லை என்றால், கடைசியாக அவர் நன்றாக இருந்ததை யார், எப்போது பார்த்தார்கள் என்பதுதான் தேவை. இரவு பதினொரு மணிக்குத் தங்கையோடு போனில் கதைத்தாரா? இரண்டு மணிக்குக் குளியலறைக்குத் தானாக நடந்து போனாரா? இந்தச் சின்ன விபரம் ஒருவரைச் சிகிச்சைக்குள் கொண்டுவரலாம். அதனால் அதைத் தெரிந்தவர் அம்புலன்ஸில் கூடப் போவது நல்லது. முடியாவிட்டால் அவருடைய போன் நம்பரைப் பராமெடிக்கிடம் கொடுங்கள்.

நித்திரையில் வந்தது என்பதற்காகக் கைவிட மாட்டார்கள். மூளையில் இன்னும் காப்பாற்றக்கூடிய பகுதி இருக்கிறதா என்று விசேட ஸ்கானில் பார்த்து, தெரிவு செய்தவர்களுக்கு 24 மணித்தியாலம் வரை கட்டியை வெளியே எடுக்கலாம் என்று 2018இல் வந்த ஆய்வுகள் காட்டின.

அம்புலன்ஸ் கூப்பிட்ட பிறகு எல்லாம் சரியாகிவிட்டது. திருப்பி அனுப்பலாமா?

அனுப்ப வேண்டாம். பத்து நிமிடத்தில் மறைந்தது, அடுத்து வரப்போகும் பெரியதுக்கு எச்சரிக்கையாக இருக்கலாம். முதல் சில நாட்களில்தான் ஆபத்து அதிகம். "இப்ப சுகம், பேசாமல் படுப்பம்" என்பது எங்கள் ஆட்களிடம் நிறைய நடக்கிறது. பிரஷரும் சீனி வருத்தமும் எங்கள் சமூகத்தில் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

சென் ஜோர்ஜஸில், நோர்த்விக் பார்க்கில் வைத்துப் பார்த்தவர்கள், பிறகு ஏன் இன்னோர் இடத்துக்கு மாற்றுகிறார்கள்?

இரண்டு காரணத்துக்காக மாற்றலாம்.

ஒன்று உடனே நடப்பது. பெரிய குழாயில் கட்டி என்றால் ஊசி மட்டும் போதாது, கவட்டுப் பகுதி இரத்தக் குழாய் வழியாகக் கம்பி விட்டுக் கட்டியைப் பிடித்து இழுக்க வேண்டும். இதைச் செய்யும் வசதி எட்டில் சில இடங்களில் மட்டும்தான் இருக்கிறது. சாரிங் குறொஸ், றோயல் லண்டன், சென் ஜோர்ஜஸ் போன்ற இடங்களில் உண்டு. நோர்த்விக் பார்க்கில் ஊசியைப் போட்டுவிட்டுச் சாரிங் குறொஸுக்கு அனுப்புவது அதற்குத்தான். அப்படியென்றால் எல்லாரையும் ஆரம்பத்திலேயே அங்கே கொண்டுபோனால் என்ன? ஸ்பெயினின் கட்டலோனியாவில் 2017 முதல் 2020 வரை 1,401 பேரை வைத்து இதைத்தான் சோதித்தார்கள், அதுவும் அந்த மையங்களுக்குத் தூரமான ஊர்களில். பக்கத்துப் பாரிசவாதப் பிரிவுக்கு முதலில் போனவர்களும் நேரே போனவர்களும் 90 நாள் கழித்துக் கிட்டத்தட்ட ஒரே நிலையில்தான் இருந்தார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே முதலில் போன இடமும் ஊசி போடத் தெரிந்த பாரிசவாதப் பிரிவுதான். பாரிசவாதப் பிரிவே இல்லாத வைத்தியசாலைக்குப் போகலாம் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

மற்றது மூன்று நாள் அளவில் நடப்பது. ஆபத்தான கட்டம் தாண்டியதும் உங்கள் பகுதிப் பாரிசவாதப் பிரிவுக்கு மாற்றுவார்கள். அங்கே பயிற்சி, பேச்சு, நடை எல்லாம் தொடரும். "எங்களைத் துரத்திவிட்டார்கள்" என்று ஒரு அம்மா அழுதார். அப்படியில்லை அம்மா, அடுத்த அம்புலன்ஸில் வருகிறவருக்கு அந்தக் கட்டில் வேண்டும், உங்களுக்கும் பிள்ளைகள் வந்து பார்க்கக் கிட்டவான இடம் வேண்டும் என்று கையைப் பிடித்துச் சொன்னேன்.

ஊசியை அம்புலன்ஸிலேயே போட முடியாதா?

சில நாடுகளில் போடுகிறார்கள். ஜெர்மனியின் ஹொம்பேர்க்கில் 2008இல் ஸ்கான் மெஷினோடு ஒரு வண்டி தொடங்கியது, பிறகு பெர்லினில் 2011இல். நல்ல பலனும் கிடைத்தது. லண்டனில் அது வழமையில் இல்லை. இங்கே செய்வது வேறு: வட மத்திய லண்டனில் 2020இலிருந்து பராமெடிக் வீட்டில் நின்றபடியே வீடியோவில் பாரிசவாத நிபுணரை அழைத்து நோயாளியைக் காட்டுகிறார். பாரிசவாதம் அல்லாதவரைத் தேவையில்லாமல் தூரம் கொண்டுபோவதை அது குறைக்கிறது.

தூரம் கொண்டுபோய், கடைசியில் "பாரிசவாதம் இல்லை" என்றார்கள். நாங்கள் வீணாகக் கூப்பிட்டோமா?

இல்லவே இல்லை. ஒற்றைத் தலையிடி, வலிப்பு, கிருமித் தொற்று எல்லாம் இப்படி வேஷம் போடும். எங்களிடம் வருபவர்களில் கணிசமானோர் அப்படிப்பட்டவர்கள்தான். யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள்.

அப்பா விசிற் விசாவில் வந்திருக்கிறார். காசு கேட்பார்களா?

அம்புலன்ஸுக்கும் அவசரப் பிரிவில் பார்ப்பதற்கும் யாருக்கும் கட்டணம் இல்லை. வார்டில் அனுமதித்த பிறகு, விசிற் விசாவில் வந்தவருக்குக் கட்டணம் உண்டு, அது பெரிய தொகையாக வரும். அதனால் அம்மா அப்பாவைக் கூப்பிடும்போது பயணக் காப்புறுதி எடுக்காமல் விடாதீர்கள். ஆனால் உடனடியாகத் தேவையான சிகிச்சையைக் காசுக்காக மறுக்கவோ தாமதப்படுத்தவோ கூடாது என்பது விதி. காசை நினைத்து 999க்கு அடிக்கத் தயங்க வேண்டாம். அகதித் தஞ்சம் கேட்டு விண்ணப்பித்து முடிவுக்குக் காத்திருப்பவர்களுக்கும், விசாவோடு சுகாதாரக் கட்டணம் கட்டியவர்களுக்கும் இந்தக் கட்டணம் இல்லை.

ஊரில் இருக்கும் பெற்றோருக்கு என்ன சொல்லி வைப்பது?

இலங்கையில் 1990 இலக்கத்துக்கு அடித்தால் இலவச அம்புலன்ஸ் வரும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018இல் வடக்குக்கும் வந்தது. தமிழ்நாட்டில் 2008இலிருந்து 108. லண்டனைப் போல எட்டு மையங்கள் என்ற ஏற்பாட்டை அங்கே எதிர்பார்க்க முடியாது. அதனால் ஒரு வேலையை இப்போதே செய்யுங்கள்: ஊருக்குப் போன் எடுத்து, கிட்டவாக எந்த வைத்தியசாலையில் சி.ரி. ஸ்கான் இரவிலும் எடுக்கிறார்கள், பாரிசவாதத்துக்குக் கட்டி கரைக்கும் ஊசி எங்கே போடுகிறார்கள் என்று குடும்ப வைத்தியரிடம் கேட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்து ஆட்கள் போதனா வைத்தியசாலையில் நேரே விசாரிக்கலாம். முதலில் சின்ன ஆஸ்பத்திரி, பிறகு தனியார் கிளினிக், அதற்குப் பிறகு பெரியாஸ்பத்திரி என்று அலைவதில்தான் அங்கே அரை நாள் போகிறது. எந்த இடம் என்று முன்கூட்டியே தெரிந்தால், அம்புலன்ஸில் ஏறும்போதே அந்தப் பெயரைச் சொல்லலாம்.